ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவில்லை: விடுமுறையில் எந்த வழி சரிவரும்?

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் கோத்தகிரிப் பக்கம் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "பையன் ஆறாம் வகுப்பு போறான், சொந்தமா நாலு வரி எழுதச் சொன்னா அழுவுறான். டியூஷன் வைக்கலாமா, இல்ல புக் வாங்கித் தந்தா போதுமா?" ஜூனில் பள்ளி திறக்கும்வரை ஒன்றரை மாதம் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றரை மாதம்தான் மலையில் சீசன். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மே முழுவதும் கூட்டம். கடை வைத்திருப்பவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கோடை மழை நன்றாகப் பெய்துவிட்டால் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் பாடும் அதேதான். ஆகவே எந்த வழியாக இருந்தாலும், வீட்டில் ஒரு பெரியவரிடம் தினமும் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் கேட்டால் அது ஒரு வாரத்தில் நின்றுவிடும். அதை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் இங்கே எடை போடுகிறேன்.

நானும் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவள்தான். டியூஷனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

"இங்கிலீஷ் மீடியம்தானே, தமிழ் சுமாராக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடம். ஐந்தாம் வகுப்பில் விட்டதை ஒன்பதாம் வகுப்பில் பிடிப்பது சிரமம். இந்தக் கட்டுரை தமிழைப் பற்றி மட்டும்.

முதலில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து "நேற்று என்ன நடந்தது, எழுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

"நேத்து ராத்திரி கரடி கோவிலுக்கு வந்துச்சு. விளக்கு எண்ணைய குடிச்சிட்டு கதவ உடச்சிட்டு போயிருச்சு. காலையில் காட்டெருமைகள் தேயிலை தோட்டத்தில் நின்றது. நாங்கள் பார்க்க முயற்ச்சி செய்தோம். அப்பா திட்டினார்."

நல்ல எழுத்து இது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறது, தேவையில்லாமல் எதுவும் இல்லை. பிழைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும். கரடி வந்த பரபரப்பில் முதல் இரண்டு வரியும் பேச்சிலேயே வந்துவிட்டன: வந்துச்சு, குடிச்சிட்டு, உடச்சிட்டு. மூன்றாவது வரியில் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து எழுத்துத் தமிழ். இது முதல் வகை. எண்ணை, முயற்ச்சி இரண்டும் எழுத்துப் பிழை. காட்டெருமைகள் நின்றது என்பது தொடர்ப் பிழை. நின்றன என்று வர வேண்டும். 'தேயிலை தோட்டம்' என்பதில் த் விட்டுப்போனதையும் இதிலேயே சேர்க்கலாம்.

உங்கள் பிள்ளையின் தாளில் இந்த மூன்றில் எது அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். வழியைத் தேர்ந்தெடுப்பது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எது பலித்தது என்பதை வைத்து அல்ல.

பயிற்சிப் புத்தகம்

பஜாரில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். பெற்றோர் முதலில் கை வைப்பது இதில்தான், காரணமும் புரிகிறது: வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாக உட்கார்ந்து எழுதும், பின்னால் விடை இருக்கும், நம் நேரம் மிச்சம்.

சிக்கல் என்னவென்றால், தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. 'ஒருமையைப் பன்மையாக மாற்றுக' என்று மேலே போட்டுவிட்டு 'மாடு மேய்ந்தது' என்று கொடுத்தால், எந்தப் பிள்ளையும் 'மாடுகள் மேய்ந்தன' என்று எழுதிவிடும். பத்துக்குப் பத்து. அதே பிள்ளை அடுத்த நாள் சொந்தமாக எழுதும்போது 'காட்டெருமைகள் நின்றது' என்றுதான் எழுதும், ஏனென்றால் அங்கே 'இப்போது பன்மையைக் கவனி' என்று சொல்ல யாரும் இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் வாங்கும் மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை. மேலும், மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் அச்சிலேயே பிழை இருக்கிறது. 'பயிற்ச்சி 4' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்ட புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளையின் எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறேன்.

பயிற்சி வேண்டும் என்றால் காசு செலவழிக்கத் தேவையில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தொடக்க வகுப்புத் தமிழ் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இப்போதைய ஐந்தாம் வகுப்புப் பாடநூல் 2019-ல் வந்தது. பாடம் முடிந்ததும் மொழிப் பயிற்சிகள் இருக்கும். பிள்ளை தடுமாறினால் தயங்காமல் மூன்றாம் வகுப்பு நூலுக்கு இறங்குங்கள். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இதைத்தான் செய்கிறது: அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்துப் பயிற்சி. வீட்டில் செய்யும்போது ஒரு சின்ன விஷயம்: பழைய புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு வகுப்பு எண்ணை மறைத்துவிடுங்கள். தம்பியின் புத்தகத்தைப் படிக்கிறோம் என்று தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு அவமானம்.

காப்பி எழுதுவது

கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால், அல்லது ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் ஆனால், முதல் இரண்டு வாரம் தினமும் அரைப் பக்கம் பார்த்து எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம். கை எழுதிக்கொண்டே இருக்கும், மனம் வேறெங்கோ போய்விடும்.

தாத்தா பாட்டி மாதிரி வரி எழுதிக் கொடுக்கும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை லை, னை, ணை போன்றவற்றின் ஐகாரக் குறியை யானைத் தும்பிக்கை போல வளைத்துத்தான் எழுதினார்கள். றா, னா, ணாவுக்கும் தனி வடிவம். அதற்கு முன் பள்ளி முடித்தவர்களின் கை இன்னும் அந்த வடிவத்துக்குத்தான் போகும். அழகான எழுத்துதான், ஆனால் பிள்ளைக்குக் குழப்பம். தாத்தாவைச் சொல்லச் சொல்லுங்கள், எழுதிக் காட்டச் சொல்லாதீர்கள்.

சொல்வதை எழுதுதல்

எழுத்துப் பிழைதான் அதிகம் என்றால் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. பிள்ளை ஏற்கெனவே வாசித்த பாடத்திலிருந்து ஐந்து வாக்கியம். முதலில் ஐந்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் இரண்டு மூன்று சொற்களாகப் பிரித்து நிதானமாகச் சொல்லுங்கள், எழுதட்டும். கடைசியில் இன்னொரு முறை முழுதாகப் படியுங்கள். அப்போது விட்டுப்போன புள்ளி, கால் எல்லாவற்றையும் பிள்ளையே போட்டுக்கொள்ளும். பிறகு புத்தகத்தைத் திறந்து கொடுத்துவிடுங்கள், ஒப்பிட்டுத் தானே திருத்தட்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவது முறைக்கு மேல் பிள்ளை அந்தச் சொல்லைப் பார்ப்பதே இல்லை. அந்த வாக்கியத்தை முழுதாக ஒருமுறை எழுதச் சொல்லி, இரண்டு நாள் கழித்து வேறு வாக்கியத்தில் அதே சொல்லை வையுங்கள்.

ஆனால் காது எல்லாவற்றையும் சொல்லித் தராது. இதைப் புரிந்துகொள்ளாமல் பல வீடுகளில் பிள்ளையைத் திட்டுகிறார்கள். ல, ள, ழ மூன்றையும் சொல்கிறவர் ஒழுங்காக உச்சரித்தால் காதில் விழும். சொல்கிறவரே 'வாளைப்பளம்' என்றால் பிள்ளை என்ன செய்யும்? இந்த விஷயத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே ழகரமும் ளகரமும் தனித்தனியாக இருக்கின்றன, ரகரமும் றகரமும்கூட. மற்ற நம் வீடுகளில் ர, ற இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. ந, ன இரண்டையும் காதால் பிரிக்க முடியாது.

ந, ன, ண-வுக்கு விதி இருக்கிறது, பிள்ளைக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும். சொல்லின் முதலில் வருவது ந மட்டும்தான். ன, ண இரண்டும் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வராது. த-வுக்கு முன்னால் ந் (பந்து), ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). செந்நாய் போன்ற கூட்டுச் சொற்களில் நடுவிலும் ந வரும்; அதைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

'முயற்ச்சி'க்கும் விதி உண்டு. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி. பிள்ளை ஏன் ச் சேர்க்கிறது என்றால் மகிழ்ச்சி, வளர்ச்சி, காய்ச்சல் எல்லாம் அதன் கண்ணில் பட்டிருக்கின்றன. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் ச் வரலாம், ற், ட் என்றால் வராது. இரண்டு வரிசையையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும், விளக்கமே தேவைப்படாது. பெரியவர்கள் வைக்கும் பேனர்களில் 'முயற்ச்சி' தேடுவது அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும்.

ர, ற-வுக்கு இப்படி முழு விதி கிடையாது. ற சொல்லின் முதலில் வராது என்பதோடு சரி. மற்றது கண்ணில் பட்டுப் பட்டுத்தான் பதியும். அதற்கு வாசிப்புதான் மருந்து. அரசுப் பள்ளிகளில் 4, 5 வகுப்புகளுக்கென்று 2022-ல் தொடங்கிய 'ஊஞ்சல்' இதழ் பிள்ளைகள் படிக்கிற நடையில் இருக்கிறது. உங்கள் பிள்ளை தனியார் பள்ளி என்றால், அரசுப் பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவல் கேளுங்கள்.

சொந்தமாக எழுத வைப்பது

பேச்சுத் தமிழ் கலப்பும் தொடர்ப் பிழையும் அதிகம் என்றால் இதை விட்டால் வேறு வழி இல்லை. சொல்வதை எழுதும்போது வாக்கியம் நம்முடையது. 'நின்றன' என்று நாம் சொன்னால் அது எழுதும், அவ்வளவுதான். வாக்கியத்தைத் தானே கட்டும்போதுதான் பன்மை தவறுகிறது.

ஒரு தடவைக்கு ஆறேழு வரி போதும். தலைப்பு கொடுக்கும்போது 'மரம் வளர்ப்போம்', 'நேரம் பொன்னானது' எல்லாம் வேண்டாம். அந்தத் தலைப்புகளுக்குப் பிள்ளையிடம் மனப்பாட வாக்கியங்கள் தயாராக இருக்கும். பிழையே வராது, எழுத்தும் வராது. சீசனில் ஊர் எப்படி மாறுகிறது, பச்சை இலை லாரி வரத் தாமதமானால் என்ன நடக்கும், குரங்கு என்ன தூக்கிக்கொண்டு போனது, இப்படிக் கேளுங்கள். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் சிலர் தமிழ்ச் சொல் கிடைக்காமல் பாதி வாக்கியத்தில் நிற்பார்கள். அந்த இடத்தில் வீட்டுச் சொல்லையே எழுதிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். சொல்லைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அறுந்த யோசனையை ஒட்ட முடியாது.

திருத்துவதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாப் பிழையையும் வட்டமிட்டால், கரடிக் கதை எழுதிய பிள்ளைக்கு ஐந்து வரியில் பத்து வட்டம் கிடைக்கும். மறுநாள் அது இரண்டே வரி எழுதும், தனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து. பிழை குறைந்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம்.

நான் செய்வது: ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை. முதல் வாரம் பேச்சுத் தமிழ் மட்டும். பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பிழை எங்கே என்று சொல்வதில்லை, பிள்ளைதான் தேட வேண்டும். 'கதவ உடச்சிட்டு போயிருச்சு' என்ற வரியில் ஒரு புள்ளி வைத்தால், பிள்ளை அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து 'கதவை உடைத்துவிட்டுப் போய்விட்டது' என்று தானே மாற்றும். முதலில் 'கதவை உடைச்சிட்டு' என்று பாதி வழி வந்து நிற்கும். பரவாயில்லை, மறுபடி ஒரு புள்ளி. மற்றப் பிழைகள் கண்ணை உறுத்தும்தான். கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிடுங்கள், அவற்றின் வாரம் வரும்.

இரண்டாவது வாரம் ஒருமை பன்மை. இதில் மட்டும் நான் கறார். 'மரங்கள் விழுந்தது' என்று பெரியவர்களே எழுதுகிறார்கள், பேச்சில் எல்லோரும் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்பில் விடைத்தாளை எடுத்தவுடன் ஆசிரியர் கண்ணில் படுவது இது. விதியும் எளிது: நடந்ததையோ நடப்பதையோ சொல்லும்போது அஃறிணைப் பன்மை என்றால் வினை ன-வில் முடிய வேண்டும். விழுந்தன, நின்றன, பறந்தன.

மூன்றாவது வாரம் வல்லினம் மிகும் இடம். இங்கே ஆசைப்பட்டு முழு இலக்கணத்தையும் கொட்டக் கூடாது. மூன்று இடம் போதும்: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் (அந்தக் கரடி), ஐ உருபுக்குப் பின் (கதவைத் தட்டினான்), கு உருபுக்குப் பின் (குன்னூருக்குப் போனான்). அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால்தான் இந்தக் கவலை. 'தேயிலைத் தோட்டம்' போன்றவை பெரிய வகுப்பில் வரட்டும்.

நோட்டு எழுதிச் சலித்த பிள்ளைக்கு அஞ்சலட்டை. இன்னும் 50 காசுதான். மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ இருக்கும் பாட்டிக்கு எழுதட்டும். அட்டையில் இடம் குறைவு என்பதால் வளவளவென்று எழுத முடியாது. தபால்காரர் படிப்பார் என்ற பயத்தில் எழுத்தும் கொஞ்சம் திருந்தும். பாட்டி பதில் போட்டுவிட்டால் அடுத்த அட்டைக்கு நீங்கள் நச்சரிக்க வேண்டியதில்லை.

கைப்பேசி

வாசிப்புக்கு உதவும். 2022 ஜூனில், அரசின் மாலைநேரக் கற்றல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். எழுத்துக்கு உதவாது. தமிழில் இரண்டு எழுத்துத் தட்டியதும் விசைப்பலகை முழுச் சொல்லையும் நீட்டிவிடும். பிள்ளை தேர்ந்தெடுக்கப் பழகும், எழுதப் பழகாது. தேயிலைக்கு நடுவில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி மேட்டுக்கு ஏறுவது வேறு.

டியூஷனும் மாலை மையமும்

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் அப்படி மையமோ, பழைய தன்னார்வலரோ இருக்கிறார்களா என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் முதலில் விசாரியுங்கள். காசு கொடுத்து டியூஷன் வைப்பதென்றால் இரண்டைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள்? பிள்ளை சொந்தமாக எழுதியதை யார் படிக்கிறார்கள்? இருபது பிள்ளைகளை உட்கார வைத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதைப் பார்த்து எழுத வைப்பது டியூஷன் கட்டணத்தில் நடக்கும் காப்பி எழுத்துதான். ஐந்தாறு பிள்ளைகள், ஒவ்வொருவர் நோட்டையும் பார்க்க நேரம், இப்படி இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

மலையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், நேரத்தை. இருட்டியதும் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நிற்கும், கரடியும் நடமாடும். மே மாதத்திலும் மழை வந்தால் ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. ஆறரை மணிக்கு முடியும் டியூஷனுக்குக் கூட்டிவர ஆள் இல்லையென்றால், எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும் வேண்டாம். விடுமுறைதானே, காலையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது

எழுத்துப் பிழைதான் பிரதானம் என்றால் வாரம் நான்கு நாள் சொல்வதை எழுதுதல், இரண்டு நாள் சொந்த எழுத்து. பேச்சுத் தமிழும் தொடர்ப் பிழையும் என்றால் அதைத் தலைகீழாக்குங்கள். இரண்டும் இருந்தால், பெரும்பாலும் இரண்டும் இருக்கும், முதல் பாதி விடுமுறைக்குச் சொல்வதை எழுதுதல், பிறகு சொந்த எழுத்து. எழுத்தையே அடையாளம் தெரியாத பிள்ளை என்றால் இவை எதுவும் வேண்டாம். மூன்றாம் வகுப்பு நூல், பக்கத்தில் உட்கார ஒரு ஆள். இந்த ஒரு பிள்ளைக்குத்தான் டியூஷன் உண்மையிலேயே தேவை. பயிற்சிப் புத்தகத்தை நீங்கள் கட்டாயம் வெளியே போக வேண்டிய நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம், சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அது உதவியிருக்கிறது.

வீட்டில் யாருக்குமே தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்றால்? கூடலூர்ப் பக்கமும், வெளிமாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்களிலும் இது சாதாரணம். அங்கே கைப்பேசிக்கு ஒரு வேலை இருக்கிறது. தமிழ் தெரிந்த அக்காவோ பக்கத்து வீட்டவரோ ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை உட்கார்ந்து, அந்த வாரத்துக்கான வாக்கியங்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லி வாட்ஸ்அப்பில் பதிவு செய்து கொடுத்தால் போதும். பிள்ளை தினமும் ஒன்றைப் போட்டுக் கேட்டு எழுதும். விடைத்தாள் பாடப் புத்தகமேதான். அம்மா செய்ய வேண்டியது, பிள்ளை புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை பக்கத்தில் இருப்பது. அதற்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.